விட்டுப்போன அர்த்தம்

அர்த்தங்கூறி என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. மாட்டுங்காவில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் இரண்டு பேர் மேலாவது விழும். ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் ஒன்பது சொல்லுவார். உங்களுக்கு வேண்டியது பத்தாவதாக இருக்கும். பம்பாயில் டிராமையே நிறுத்திவிட்டார்கள். இவரை நிறுத்த ஆளில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். மடியில் டிபன் டப்பா, கக்கத்தில் குடை, வாயில் வெற்றிலை சகிதம் தலைமை குமாஸ்தா பஞ்சாபகேசன் மாட்டுங்கா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தாராவியிலிருந்து பூலோகம் என்பவன் ஓடி வந்தான். தோல் பதனிடும் ஷெட்டை மூடியதிலிருந்து வேலை இல்லாதவன். மனைவி பூமாரி நிறைமாதக் கர்ப்பிணி.

"சார்வாள், செம்பூர் சோப்புக் கம்பெனில பாய்லர் வேலைக்குப் போறேன். 'ரன்' பண்ணத் தெரியுமான்னு இங்கிலீசுல கேப்பாவளாம். அப்படின்னா என்னது? பத்து மணிக்குக் கேட்டை மூடிருவாவ."

"ஓட்டுவது; யெஸ் என்று சொல்லு" என்றால் தீர்ந்தது. நீங்களும் நானும் அப்படித்தான் சொல்லியிருப்போம். அர்த்தங்கூறி சொல்லுவாரா? வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"அவசரப்படாதேப்பா. ரன்னுன்னா ஓடறது. சரி, மூக்கு ரன் ஆறதுன்னா? மூக்கு எங்கே ஓடும்?"

"வண்டி வந்துட்டு, சார்வாள்."

"அதுவும் ரன்தான். டோம்பிவிலிக்கு வண்டி ரன் ஆறது. சேலையைத் தண்ணியிலே போட்டா சாயம் ரன் ஆறது. எலெக்‌ஷன்லே ஒருத்தன் நின்னாலும் ரன்தான். பார்த்தியா, அவன் நிக்கறான், வெள்ளைக்காரன் ஓடறான்கிறான்."

வண்டி போயிற்று. அடுத்ததும் போயிற்று. பாய்லரை ஓட்டுவதும் ரன்தான் என்ற அர்த்தத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது ஸ்டேஷன் கடிகாரத்தில் பத்தேகால்.

"கேட்டை மூடிருப்பாவ, சார்வாள்" என்றான் பூலோகம்.

"மூடறதுக்கு இங்கிலீஷ்லே 'க்ளோஸ்'. அதுக்கு எத்தனை அர்த்தம் தெரியுமோ?"

எனக்கு அந்தக் குடையாலேயே அவரை நாலு சாத்துச் சாத்தலாம் போலிருந்தது.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லையாக்கும்? சந்தோஷம். பூமாரி வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்று நினைத்துப் பார்த்தீர்களா? இல்லை, 'பம்பாயில் இருந்துகொண்டு கிரிக்கெட் ரன்னை விட்டுவிட்டாரே' என்று இவ்வளவு நேரமும் உங்கள் நாக்கு துறுதுறுத்துக்கொண்டிருந்ததா?

அப்படியானால் அந்தப் பெஞ்சில் பஞ்சாபகேசனுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.