ரெண்டு பேர் படித்த பள்ளிக்கூடத்தின் விளையாட்டு விழா

வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் அம்மாவுக்கு லீவு கிடையாது. தலைவலி வந்தால் லீவு லெட்டரை நானே எழுதி, தலைமையாசிரியை என்ற முறையில் நானே அதை நிராகரிக்க வேண்டும். மணி அடிப்பது, சோறு ஆக்குவது, கக்கூஸ் கழுவுவது, கணக்கு, பாட்டு எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். அந்த ஆள், பத்து வருஷத்துக்கு முன்னால், இதெல்லாம் போதாதென்று ஒரு விளையாட்டு விழாவும் நடத்தினாள். (நினைத்தாலே இப்பவும் இடுப்பைப் பிடிக்குது.)

பெரியகுளத்துக்கு மேற்கே ஒரு மாந்தோப்புக்குள் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் இவர்தான் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். அப்போது எஸ்தருக்குப் பன்னிரண்டு வயது, சாமுவுக்கு ஒன்பது. காலையில் ஜெபம், வேதம், அப்புறம் பாடம் என்று பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைப்போம் என்று முடிவெடுத்தோம். முடிவெடுத்தது இரண்டு பேர். பாடம் எடுத்தது நான்.

எங்களைப் போலப் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஐக்கியம் வைத்திருந்தன. போடி, கம்பம், ஆண்டிபட்டி என்று பல ஊர்க்காரர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை வைகை அணைப் பூங்காவில் கூடுவார்கள். ஜெயமங்கலத்து டெய்சி அக்காதான் அதற்கு எல்லாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலிலேயே என்னை மறித்துவிடுவார்.

"ஏத்தா, ஒரு தடவ வந்து பாரு. ஒம்பிள்ளைகளும் நாலு பிள்ளைகளப் பாக்கும்ல."

"பள்ளிக்கூடமே வேணாம்னு வந்தாச்சுக்கா. பெறகு அதுக்கு ஒரு சங்கம் எதுக்கு?" என்பேன்.

வெளியே சொன்னது அது. உள்ளுக்குள் இருந்தது பயம். அங்கே யாராவது ஒருத்தி பெற்ற பிள்ளை பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லி என் மானத்தை வாங்கிவிட்டால்? மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு காலையிலேயே வீடு பெருக்கி முடிக்கிறவள் அங்கே இருந்துவிட்டால்? நமக்கு நம்ம தோப்பே போதும் என்று இருந்துவிட்டேன்.

அப்படியே இருந்திருப்பேன், மதினி மட்டும் வராமல் இருந்திருந்தால். மதினி என்றால் இவருடைய அக்கா. கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. தோப்பு ஆட்களிடம் அத்தனை அதிகாரம் பண்ணுகிற இவர், அக்கா முன்னால் நின்றால் மூன்றாம் வகுப்புப் பையன்தான். ஒரு நாள் மதினி போனில் சொல்லிவிட்டார்கள்.

"வர்ற ஜூனுக்கு ரெண்டு பிள்ளைகளுக்கும் எங்க ஸ்கூல்ல எடம் போட்டு வச்சிருக்கேன். எங்க வீட்டுலயே தங்கிப் படிக்கட்டும்."

இவர் தலையைச் சொறிந்தார். "அக்கா ஒரு நா இங்கன வந்து பாக்கட்டும். சரின்னு சொன்னாகன்னா இங்கனயே படிக்கட்டும். இல்லன்னா அனுப்பிருவோம்."

பிள்ளைகள் இல்லாத வீட்டில் நான் யாருக்கு மணி அடிப்பேன்? பள்ளிக்கூடத்தில் என்னவெல்லாம் உண்டோ அதெல்லாம் இங்கேயும் உண்டு என்று காட்டிவிட்டால் மதினி வாயடைத்துப் போவார்கள் என்று கணக்குப் போட்டேன். பிரேயர் இருக்கிறது. பரீட்சை இருக்கிறது. எது இல்லை? விளையாட்டு விழா. (களைத்துப்போன மூளைக்குள் என்னதான் ஓடாது.)

மா வரிசைகளுக்கு நடுவே சுண்ணாம்புக் கோடு போட்டேன். தோப்பிலேயே நல்ல நிழலான மரமாகப் பார்த்து, அதனடியில் கட்டிலைப் போட்டுப் போர்வை விரித்து மேடை ஆக்கினேன். மைக் செட் வாடகைக்கு எடுத்தோம். அணிகள் இரண்டு, சிவப்பு அணி, நீல அணி. சிவப்பு அணி என்றால் எஸ்தர். நீல அணி என்றால் சாமு. அணித் தலைவர்களும் அவர்களேதான். மெடலைத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று செட்டாகத்தான் தருவேன் என்று கடைக்காரர் ஒரே பிடியாக நின்றதால் வெண்கலத்தையும் வாங்கிவைத்தேன்.

மதினி கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் வந்து கட்டிலில் உட்கார்ந்தார்கள். அணிவகுப்பு தொடங்கியதும் முடிந்துவிட்டது. நான் மைக்கைப் பிடித்து, "மாணவச் செல்வங்கள் அனைவரும் கோட்டுக்கு வரவும்" என்றேன். அனைவரும் வந்தார்கள், இரண்டு பேர்.

ஓட்டப்பந்தயத்தில் எஸ்தர் முதல், சாமு இரண்டாவது. சாக்கு ஓட்டத்தில் எஸ்தர் முதல், சாமு இரண்டாவது. எலுமிச்சம்பழ ஓட்டத்திலும் அதே கதை. மூன்று வயது பெரியவளோடு ஓடினால் வேறென்ன நடக்கும்? ஒவ்வொரு வெள்ளி மெடலுக்கும் சாமுவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. தட்டில் மிஞ்சிக் கிடந்த வெண்கலங்களை மதினி விரலால் புரட்டிப் பார்த்தார்கள்.

"மூணாவது யாருத்தா?"

"இன்னக்கி வரல மதினி" என்றேன். வேறென்ன சொல்ல?

எப்படியாவது பையனை ஒன்றிலாவது ஜெயிக்க வைக்க வேண்டும் என்று தொடர் ஓட்டம் வைத்தேன். நானும் எஸ்தரும் ஒரு அணி. இவரும் சாமுவும் ஒரு அணி. பெரியவர்கள் முதலில் ஓடிப்போய்ப் பிள்ளைகள் கையில் கட்டையைக் கொடுக்க வேண்டும். இவருக்குச் சப்பாத்திக் கட்டை, எனக்குப் பருப்பு மத்து. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்துக்கு இவர் நடந்தாலே ஜெயித்திருப்பார். நன்றாகவே முந்திவிட்டார். அந்தக் கோடியில் சாமு கையை நீட்டியபடி குதித்துக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில் தோப்பு மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு மும்முனைக் கரண்ட் வேண்டும். அது எந்நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாததால் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டி வைத்திருப்போம். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும். அன்றைக்கு அதை அணைத்துவைக்க இவர் மறந்துவிட்டார். கரண்ட் வந்தது. மேடை போட்ட மரத்தடி ஏன் அத்தனை நிழலாக இருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாய்க்காலில் வருகிற முதல் தண்ணீர் அந்த மரத்துக்குத்தான் போகும்.

தண்ணீர் கட்டிலைச் சுற்றி வளைத்தது. பக்கத்திலேயே மைக் செட் ஒயர் தரையில் கிடந்தது. "அக்கா, கால மேல தூக்கு, ஒயர் கெடக்கு" என்று இவர் கத்திக்கொண்டே, கையில் சப்பாத்திக் கட்டையோடு, பாதியில் திரும்பி மோட்டார் ரூமைப் பார்த்து ஓடினார். தலைமையாசிரியை கட்டில்மேல் ஏறி நின்றார்கள். நான் எதையும் கவனிக்காமல் போய் எஸ்தர் கையில் மத்தைத் திணித்துவிட்டுச் சேற்றில் இடுப்பு அடிபட விழுந்தேன். அவள் பழக்க தோஷத்தில் ஓடி முடித்தும்விட்டாள்.

"அப்பா, இங்கன. கட்டயக் குடுப்பா" என்று சாமு நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அப்புறம் வாய்க்கால் தண்ணீரிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

"நான் எல்லாத்துலயும் கடைசி."

"கடைசி இல்லய்யா, ரெண்டாவது" என்றேன் சேற்றிலிருந்து.

"ரெண்டு பேருல ரெண்டாவதுன்னா கடைசிதானம்மா."

(கணக்கு நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.)

மோட்டார் நின்றது. மதினி கட்டில்மேல் நின்றபடியே பேசினார்கள். அதட்டவில்லை. அதட்டியிருந்தால்கூடத் தேவலை.

"படிப்பப் பத்தி நா ஒண்ணும் சொல்லலத்தா. எங்க பிள்ளைகளவிட நல்லாவே படிக்குதுக. ஆனா இவனுக்குக் கூட்டாளின்னு ஒரு பேரு சொல்லு பாப்போம்."

வாயைத் திறந்தேன். வந்த ஒரே பேர் எங்கள் நாயுடையது. விழுங்கிவிட்டேன்.

"பெறகு ஜூன்ல அனுப்பிரு" என்று சொல்லிவிட்டுச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மதினி போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலமே டெய்சி அக்காவுக்குப் போன் போட்டு அழுதேன். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனுஷி. "சனிக்கிழம வாத்தா. சோறு மட்டும் கட்டிட்டு வா" என்றார்.

வைகை அணையில் போய்ப் பார்த்தால், வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்கிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. எல்லாரும் என்னைப் போலவே கண்ணுக்குக் கீழே கறுத்துப்போன அம்மாக்கள். ஒருத்தி வீடு பெருக்கி இரண்டு நாளாகிறது என்றாள். அவளை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. போடியிலிருந்து வந்தவர், "அறிவியல எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் பாத்துக்கிறேன், நீங்க கணக்க எடுத்துக்கங்க" என்றார். டெய்சி அக்கா ஒரு டீயைக் கையில் கொடுத்து, "கொஞ்ச நேரம் உக்காருத்தா" என்றார். உட்காரு என்று என்னிடம் யாராவது சொல்லி எத்தனையோ வருஷமாகியிருந்தது. சும்மா உட்கார்ந்து அழுதேன்.

சாமு அங்கே பையன்களோடு பந்தயம் ஓடினான். மூச்சு வாங்க என்னிடம் வந்தான். முகமெல்லாம் பல்.

"அம்மா, நான் ஏழாவது. எனக்குப் பின்னாடி நாலு பேரு."

அங்கேயிருந்தே கம்பத்துக்குப் போன் போட்டான். "அத்தை, நான் ஏழாவது. எனக்குப் பின்னாடி நாலு பேரு."

அந்தப் பக்கம் மதினி கேட்டது எனக்கும் கேட்டது. "அந்த நாலு பேரு பேரு என்னய்யா?"

சாமு ஒரே மூச்சில் நாலு பேரையும் சொன்னான். அதில் யாருக்கு நீச்சல் தெரியும், யார் வீட்டில் முயல் வளர்க்கிறார்கள் என்பது வரைக்கும் சொன்னான்.

"போன அம்மாகிட்ட குடு" என்றார்கள் மதினி. "அந்த ரெண்டு எடத்துக்கும் வேற பிள்ளைகளச் சேத்துக்கிறேன்த்தா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் எங்கே போய்விட்டு வந்தாலும் முதல் கேள்வி அதுதான். ரேஷன் கடையா, பேங்க் வரிசையா, எஸ்தருடைய கல்லூரி மார்க்கா, "பின்னாடி எத்தன பேரு?"

மதினி ரிட்டையர் ஆகிவிட்டார்கள். இப்போது ஐக்கியத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுக்க மாதாமாதம் கம்பத்திலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். போன தடவை அணைப் பூங்காவில் பெண்களுக்கு நடைப்போட்டி வைத்தார்கள். நான் எப்போதும் போலக் கடைசி. எல்லாரும் கோட்டைத் தாண்டி டீயே குடித்து முடித்துவிட்டார்கள். பாதித் தூரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மைக்கில் சாமுவின் குரல் கேட்டது.

"எங்கம்மாவுக்குப் பின்னாடி ஒரு ஆளு இருக்காக."

திரும்பிப் பார்த்தேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் மதினி.

"வெரசா நடத்தா" என்றார்கள். "ஒனக்குப் பின்னாடி வரணும்னா நா நின்னு நின்னுல்ல நடக்க வேண்டியிருக்கு."