மாயன்களுக்காக நான் கிழித்த டிசம்பர்

பெண் வீட்டுக்குப் போகிறவன் எதை வேண்டுமானாலும் கொண்டு போகலாம். சரியான தகவலை மட்டும் கொண்டு போகக் கூடாது. இதை நான் 2009 டிசம்பரில் அத்திப்பட்டில் கற்றுக்கொண்டேன்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையின் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். தினமும் நாட்குறிப்பு எழுதுபவன், பேனாவை எடுத்த இடத்திலேயே வைப்பவன் (அம்மாவின் மொழியில், "இவனுக்கு எவ வருவா"). ஆனால் ரேவதியின் ஜாதகம் பொருந்திவிட்டது. அவள் அப்பா அனல்மின் நிலையத்தில் ஃபிட்டர். மார்கழி பிறப்பதற்குள் பூ வைப்பதாகப் பெரியவர்கள் நாளும் குறித்து, அவர்கள் வீட்டு தினசரி காலண்டரில் அந்தத் தாளின் ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தார்கள். நானும் அம்மாவும் அன்று போனது பெண்ணை நேரில் பார்த்து, கேசரி சாப்பிட்டு, சரி என்று சொல்லிவிட்டு வர மட்டுமே.

கூடத்தில் ரேவதியின் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். மீஞ்சூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். முந்தின நாள் டிவி பார்த்திருக்கிறார்.

"ஏம்பா தம்பி, ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல ஒலகம் அய்ஞ்சிடுமாமே? மாயன்னு ஒருத்தன் அத்தோட காலண்டர முடிச்சிட்டானாம். மூணு வருசம் வாய்றதுக்கா இம்மாஞ் செலவு பண்றோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கேசரித் தட்டை எடுத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த வாரம்தான் ரயிலில் ஒரு நீளமான கட்டுரையை அடிக்கோடிட்டுப் படித்திருந்தேன். தவறான தகவல் ஒன்று என் எதிரில் உட்கார்ந்து காபி குடிப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மாயன் என்பது ஒருத்தர் இல்லை, ஒரு மக்கள் கூட்டம், அவர்களுடைய வாரிசுகள் இன்றும் மத்திய அமெரிக்காவில் சோளம் பயிரிடுகிறார்கள் என்றேன். டிவியில் காட்டும் வட்டக்கல் அவர்களுடையதே இல்லை, அஸ்டெக் என்ற வேறு மக்களுடையது என்றேன். அவர்கள் கணக்கில் ஒரு நீண்ட சுற்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது, அவ்வளவுதான். அதற்குப் பல நூற்றாண்டுகள் தள்ளி வரும் தேதியைக்கூடக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள் என்றேன். நமக்கு மட்டும் என்ன, அட்சய வருடம் முடிந்தால் மறுபடி பிரபவ வருவதில்லையா என்றேன். கேசரி ஆறிக்கொண்டிருந்தது.

"இப்ப நடக்கற வருசத்துக்குப் பேரே விரோதி," என்றார் பெரியப்பா. "அதுக்கு இன்னா சொல்ற?"

அம்மா என் காலை மிதித்தார். (நாட்குறிப்பில் 'இடது கால்' என்று இருக்கிறது.)

எங்கள் ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. கம்பியின் தரத்தை நம்பாத ஆள் வந்தால் வாதாட மாட்டோம். அவர் கண் முன்னாலேயே ஒரு துண்டை வளைத்துக் காட்டுவோம். நான் எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றினேன்.

"இப்பப் பாருங்க," என்று அன்றைய தாளைக் கிழித்தேன். மறுநாளுக்குரியதைக் கிழித்தேன். மிச்சமிருந்த டிசம்பர் முழுவதையும் கிழித்துவிட்டு, வெறும் முருகன் அட்டையைத் தூக்கிப் பிடித்தேன். "காலண்டர் முடிஞ்சிடுச்சு. நாம இருக்கோமா, இல்லையா?"

யாரும் இருப்பதாகச் சொல்லவில்லை.

நாளைய தாளை இன்று கிழிக்கக் கூடாது என்பது குழந்தைக்கும் தெரியும். நான் மாதத்தையே கிழித்திருந்தேன், அதுவும் பெண் வீட்டில், அதுவும் மஞ்சள் தடவிய தாளோடு சேர்த்து. ரேவதியின் அம்மா எழுந்து போய் சாமி படத்தின் முன் நின்றுகொண்டார். அப்பா காலி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒலகத்த உடு தம்பி," என்றார் பெரியப்பா மெதுவாக. "நம்ம நாளக் கிய்ச்சிட்டியே."

எதற்கும் தை பிறக்கட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்று ரேவதியின் அப்பாவிடம் சொன்னார். அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சமையலறை வாசலில் நின்றிருந்த ரேவதியை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன். அதைத் தவிர எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

அப்போது ரேவதி நேராக என்னிடம் வந்து கையை நீட்டினாள். "குடுங்க."

சட்டைப்பையிலிருந்து தாள்களை எடுத்துக் கொடுத்தேன். (கிழித்த காகிதத்தைத் தரையில் போடும் பழக்கம் எனக்கில்லை.) அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"தேதி வரிசையா அடுக்கி வெச்சிக்கீறாரு பெரியப்பா," என்றாள். "ஒண்ணும் கொறையல."

கொடியிலிருந்து ஒரு துணி கிளிப்பை எடுத்து வந்து, தாள்களை அட்டையோடு சேர்த்துக் கவ்வவைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினாள். மஞ்சள் தாள் உள்ளே பத்திரமாக இருந்தது. அவள் அப்பாவுக்கு மூச்சு வந்தது. பிறகு என்னைப் பார்த்து, "கேசரி சாப்டுங்க," என்றாள். செங்கல் போல இருந்தது. அதன் தரம் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. குறித்த நாளிலேயே பூ வைத்தார்கள்.

2012 டிசம்பர் 21 காலை பெரியப்பா போன் செய்தார்.

"மாப்ள, கீறீங்களா?"

"இருக்கேன் மாமா."

"காலண்டர யாரு கிய்ச்சது?"

"ரேவதிதான்."

"அப்பச் சரி," என்று வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் இன்றும் ஜனவரி முதல் தேதியே புதுக் காலண்டரில் ஒரு துணி கிளிப் ஏறிவிடும். தாள் கிழிப்பது ரேவதி, அல்லது மகள். எனக்கு அனுமதி இல்லை. போன வருடம் இரண்டு பேரும் சேர்ந்து அத்திப்பட்டுக்குப் போனார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமையாகவே இருந்தது.