ஆட்சேபணை உண்டா?

கடலும் மலையும் இல்லாத, ஆனால் இரண்டுக்கும் தனித்தனி அமைச்சர்கள் இருந்த ஒரு நாடு. பெயர் மேட்டுவளநாடு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அங்கே தேர்தல் நடக்கும். மன்னர் மட்டும் நிற்பார், மன்னரே ஜெயிப்பார், ஊரெல்லாம் வெடி வெடிப்பார்கள்.

அந்நாட்டில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. எந்தச் சட்டமானாலும், நகராட்சி வக்கீல் நாற்சந்தியில் நின்று "ஆட்சேபணை உண்டா?" என்று மூன்று முறை கேட்க வேண்டும். யாரும் வாய் திறக்காவிட்டால்தான் சட்டம் செல்லும்.

வக்கீல் பூங்கோதை இருபத்தாறு ஆண்டுகளாகக் கேட்டு வந்தார். பதில் வந்ததே இல்லை. எப்படி வரும்? ரேஷன் கடை திறக்கும் நேரத்தில்தான் கேட்க வேண்டும் என்று முதலில் ஓர் ஆணை வந்தது. ஜனங்கள் பையோடு வரிசைக்கு ஓடினார்கள். ஆட்சேபிப்பவர் தடையில்லாச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்று அடுத்த ஆணை. அதை வழங்கும் அதிகாரம் பூங்கோதைக்கு. ஆனால் ஆட்சேபிக்கும் எண்ணமே இல்லாதவருக்குத்தான் வழங்கலாம்.

பூங்கோதை கெட்டவர் இல்லை. ஞாயிறுதோறும் பேருந்து நிலையத்தில் மேசை போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்கு இலவசமாக மனு எழுதிக் கொடுப்பார். படித்தால் கல்லும் கரையும். திங்கட்கிழமை அந்த மனு அவர் மேசைக்கே வரும். அதே அழகான கையெழுத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதுவார். அது தொண்டு, இது தொழில் என்று நிம்மதியாக இருந்தார்.

இந்த இரண்டையும் பாராட்டி மன்னர் விருது அறிவித்தார். விருது என்றால் மண்டபம் வேண்டும், மண்டபம் என்றால் இடம் வேண்டும். ஊரின் ஒரே குடிநீர்க் குளமான வெள்ளிக்குளத்தைத் தூர்க்கச் சட்டம் தயாரானது. விழாவையும் சட்டத்தையும் நாற்சந்தியில் ஒரே மேடையில் முடித்துவிட முடிவு செய்தார்கள். கைதட்ட ஆள் வேண்டுமே! அதனால் அன்று ரேஷன் கடையை மூடி, ஊரையே லாரியில் ஏற்றி வந்தார்கள்.

அமைச்சர் வச்சிரபாகு மாலை போட்டு, 'ஆட்சேபிக்கும் எண்ணமே இல்லாதவர்' என்று புகழ்ந்த விருதுப் பத்திரத்தை வாசித்துக் கொடுத்தார். "குளம் என்பது என்ன? மண்டபமாகத் தவறிய இடம்! அம்மையாரின் பெயரால் அத்தவறு இன்று திருத்தப்படுகிறது!"

கைதட்டல் அதிர்ந்தது. பூங்கோதைக்குப் புல்லரித்தது. ஒலிபெருக்கியைப் பிடித்து முதல் முறை கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார். அப்போது கூட்டத்திலிருந்து இட்லிக்கடை செவந்தி எழுந்தாள். குளத்தைக் காப்பாற்றச் சொல்லிப் போன வாரம்தான் மனு கொடுத்திருந்தாள்.

"ஏம்மா வக்கீலம்மா, ஞாயித்துக்கெழம நீங்க எழுதிப் படிச்சுக் காட்டுனப்ப நானே அழுதுட்டேன். திங்கக்கெழம அதை அடிக்கிறப்ப உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா? நாளைக்கு எம் புள்ளைங்க எதைக் குடிக்கும்? மண்டபத்தையா?"

"சான்றிதழ் உண்டா?" என்றார் அமைச்சர். இல்லை. காவலர்கள் அவளை உட்கார வைத்தார்கள்.

பூங்கோதைக்கு முகம் எரிந்தது. இருபத்தாறு ஆண்டு வெட்கமும் ஒரே நிமிடத்தில் வந்து சேர்ந்தது. பையிலிருந்து ஒரு வெற்றுச் சான்றிதழை எடுத்துத் தன் பெயரை எழுதி, தானே கையெழுத்தும் போட்டார்.

"மூன்றாம் முறை கேட்கிறேன். ஆட்சேபணை உண்டா?" ஒலிபெருக்கியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "உண்டு!"

"இச்சான்றிதழ் செல்லாது!" என்று அமைச்சர் அலறினார்.

"செல்லும் ஐயா. ஆட்சேபிக்கிற எண்ணமே இல்லாதவள்னு நீங்க குடுத்த விருதுப் பத்திரத்துலயே எழுதியிருக்கு."

அமைச்சர் விதிநூலைப் புரட்டினார். "ஆட்சேபணைக்கு நகராட்சி வக்கீல் பதில் கூற வேண்டும்; இல்லையேல் சட்டம் செல்லாது. கூறும்!"

"பதில் இல்லைங்க."

அதுவரை எந்த வழக்கிலும் தோற்காத பூங்கோதை அன்று தோற்றார். நாற்சந்தியில் விசில் பறந்தது. செவந்தி பெஞ்சு மேல் ஏறிக் குதித்தாள். குளம் தப்பியது.

மறுநாள் அவர் பதவி போயிற்று. கூடவே புதுச் சட்டமும் வந்தது: இனி எதற்கும் ஆட்சேபணை கேட்கப்படாது. ஆனால் அதுவும் சட்டம்தானே! அதற்கும் மூன்று முறை கேட்டாக வேண்டுமே! விழா முடிந்த கையோடு பூங்கோதை கையிருப்பில் இருந்த சான்றிதழ் அத்தனையிலும் கையெழுத்துப் போட்டு ஊருக்கே கொடுத்து முடித்திருந்தது அமைச்சருக்குத் தெரியாது.

புது வக்கீல் நாற்சந்திக்கு வந்து தொண்டையைச் செருமினார். ரேஷன் கடை திறந்திருந்தது. வரிசையில் ஒருவர்கூட இல்லை.