ஸ்கேனுக்குப் போன தண்ணீர்

அன்று லோரியில் இருந்தது மூன்று பேர்: ஓட்டிய என் மச்சான் குமரன், நடுவில் என் மனைவி காந்தா, கதவோரம் நான். என் வயிற்றில் இருந்த இரண்டு லிட்டர் தண்ணீரையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். எங்களை ஆட்டி வைத்தது அதுதான்.

முதுகு லேசாகப் பிடித்தால் போதும், எனக்குக் கிட்னி போய்விடும். (ஆறாம் வகுப்போடு நின்றவனுக்குக் கிட்னி இருக்கும் இடம் மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.) ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தார்கள். ஒரு லிட்டர் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு வரவேண்டும். தவறினால் அடுத்த தேதி எப்போதோ. ஒரு லிட்டர் போதாமல் போனால்? இரண்டாகக் குடித்தேன்.

எங்கள் மலையூர் திரிங்காப்பின் குளிரில் வேர்வையாகப் போக வழியில்லை; குடித்ததெல்லாம் கீழே இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கியா பார்ம் சந்தையில் பள்ளி விடுமுறை நெரிசல். ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் நகரவே இல்லை.

"குமரா, ஏதாச்சும் பண்ணுடா."

"பறக்கவா மாமா? இது முட்டைக்கோஸ் லோரி லா."

"என்னங்க, அடக்குங்க. வேற எதையாச்சும் நினைங்க," என்றாள் காந்தா.

நினைத்தேன். தேயிலைத் தோட்டத்து ஓடைதான் நினைவுக்கு வந்தது.

கதவைத் திறந்து ஓடினேன். கடைக்குப் பின்னால் கழிப்பறை. வாசலில் ஓர் அம்மாள் கை நீட்டினார். "ஒரு வெள்ளி." பதற்றத்தில் பர்ஸை வீட்டிலேயே விட்டிருந்தேன். பின்னாலேயே காந்தா, கார்களுக்கு நடுவில், ஊரே கேட்க: "என்னங்க, காசு! காசு எடுத்துட்டுப் போங்க!" கையில் திணித்தாள். "சும்மா இல்ல, திருப்பித் தரணும் லா."

ஆஸ்பத்திரியில் தாதி பார்த்துவிட்டு, "மூத்திரப்பை காலி, அங்கிள். திரும்பக் குடிங்க. ஸ்கேன் ரூம் மூடுறதுக்குள்ள நெறஞ்சா பாக்கலாம்," என்றார். பயத்தில் ஒரு மிடறுகூட இறங்கவில்லை. காந்தா இன்னொரு குவளையை நிரப்பினாள்.

"உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. குடிங்க."

பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்து பந்தயம்போலக் குடித்தோம். ஸ்கேன் முடிந்து நான் வெளியே வந்தபோது கழிப்பறையில் இருந்தது அவள்.

"கிட்னி நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார், நடந்ததைக் கேட்ட டாக்டர். "இல்லைன்னா லோரியில அவ்வளவு அவசரம் வந்திருக்குமா?"

இப்போது காந்தா இல்லை. கியா பார்மில் நெரிசல் என்றால், "மாமா, காசு இருக்கா?" என்று குமரன் கேட்பான், சிரிப்போம். நடுவில் அவள் இடத்தில் யாரும் உட்காருவதில்லை. எனக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கை தானாக இன்னொரு குவளையைத் தேடுகிறது.

அவளுக்குத் தரவேண்டியது இன்னும் ஒரு வெள்ளி.