பெரும்பான்மை பெற்ற ஒட்டகப் பால்

உலகத்திலேயே கிருமிகளுக்குக் 'குடியுரிமை' வழங்கிய முதல் மாவட்டம், மங்கிஸ்தாவ் பாலைநிலத்தின் ஓரத்தில் இருக்கும் எங்கள் மாவட்டம்தான். அந்தப் பெருமை முழுக்க மாவட்டத் தலைவர் துலேபெர்கனையே சேரும்.

காய்ச்சாத ஒட்டகப் பாலை ஊரே குடிக்கும் பச்சைப் பால் விழாவுக்கு முதல் நாள், பரிசோதனைக்கூட அதிகாரி ரவுஷான் அவர் முன்னால் வந்து நின்றாள். விழாவுக்குப் பால் தருவது தலைவரின் மைத்துனர் பண்ணை.

"பால்ல நல்ல கிருமியும் இருக்கு, கெட்டதும் இருக்குங்கய்யா."

"நல்லது எவ்வளவு?"

"கோடிக்கணக்குல. பாலைப் புளிக்க வைக்கிறது அதுதான். வயித்துக்கும் நல்லது."

"கெட்டது?"

"ரொம்பக் கொஞ்சம். ஆனா..."

"என்ன ஆனா? பெரும்பான்மை நம்ம பக்கம்!"

"கிருமி ஓட்டுப் போடாதுய்யா, பேதிதான் போக வைக்கும். மடியைக் கழுவாமக் கறந்திருக்காங்க. சாணக் கிருமி. காய்ச்சினா செத்துப்போயிடும்."

தலைவர் நெஞ்சில் கை வைத்தார். "காய்ச்சறதா? அத்தனை கோடி நல்லவங்களையும் சேர்த்துக் கொல்லச் சொல்றியே, நீயும் ஒரு தாயா?"

ரவுஷான் தாய்தான். அவள் மகளின் பள்ளிப் பிள்ளைகள்தான் விழாவில் பாடப்போகிறார்கள். பாடி முடித்ததும் ஆளுக்கொரு கிண்ணம் பால்.

மறுநாள் விழாக் கூடாரத்துக்குப் பின்னால், பிள்ளைகளுக்கு வைத்திருந்த பாலை அவளே அடுப்பில் ஏற்றினாள். பால் பொங்கியது. பிடிபட்டாள். 'சிறார் பங்கின் நுண்ணுயிர்களைக் கூண்டோடு ஒழித்த குற்றத்துக்காக' நின்ற இடத்திலேயே பணியிடை நீக்கம். உத்தரவு வாசிக்கப்படும்போதே பிள்ளைகள் சூடான பாலை ஊதி ஊதிக் குடித்து முடித்தார்கள்.

"காய்ச்சினது பொடிசுகளுக்கு! நமக்கென்ன, பல்லா முளைக்கல?" என்று பாட்டு வாத்தியார் சபார்பேக் பச்சைப் பாலை இரண்டு கிண்ணம் இறக்கினார். மேடையில் தலைவர் கிண்ணத்தை உயர்த்தி, எல்லா கேமராவுக்கும் மீசை நுரையைக் காட்டினார். பெரியவர்கள் கைதட்டிக் குடித்தார்கள்.

கொடிகளை அவிழ்ப்பதற்குள் குடித்தவர்கள் வயிற்றில் எதிர்க்கட்சி ஆட்சியைப் பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் நடையிலும் ஆட்கள் சுருண்டு கிடந்தார்கள். சபார்பேக்குக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோக, அல்மாத்தி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் ஏற்றினார்கள். பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

ரவுஷான் நேராகத் தலைவர் அறைக்குப் போனாள். அவர் தெம்பாக உட்கார்ந்திருந்தார்.

"ஊரே படுத்துக் கிடக்கு. நீங்க மீசையை மட்டும் நனைச்சுட்டு ஒரு சொட்டுகூடக் குடிக்கலையே?"

தலைவர் மனம் புண்பட்டுப்போய்ச் சொன்னார்: "என்னம்மா இப்படிக் கேட்டுட்டே? நானும் குடிச்சுப் படுத்துட்டா, விசாரணைக் குழுவுக்கு யாரு தலைமை தாங்குறது?"