சீதனக் காரின் பற்றறி

சிற்றம்பலத்தார் திறப்பைத் திருகினார். கார் ஒரு தடவை 'கிட்' என்றது. மறுபடியும் திருகினார். அந்தக் 'கிட்'டும் இல்லை.

"என்ன, சத்தத்தைக் காணேல்லை?" என்று குசினிக்குள்ளிருந்து மனைவி அன்னபாக்கியம் கேட்டாள்.

"யோசிக்குது," என்றார் அவர்.

யோசிக்க நேரமில்லை. ஓமந்தையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மத்தியானத்துக்குள் வந்துவிடுவார்கள். அவர்கள் பார்க்க வருவது பெண்ணை மட்டுமல்ல, காரையும்தான். பையன் வவுனியாக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம், கிளாக்கர். கந்தோர் வேலைக்குப் போய்வர ஒரு கார் வேண்டுமென்று தகப்பன் வீரகத்தி தரகரிடம் சொல்லிவிட்டிருந்தார். மகள் கமலாசனிக்கு முன்பு வந்த சம்பந்தங்களும் கார் இல்லையென்றுதான் முறிந்தன. வடமராட்சியிலிருந்து கண்டாவளைக்கு வந்து, காடு வெட்டி வயலாக்கிய சிற்றம்பலத்தார் இந்தத் தடவை விட்டுக்கொடுக்கவில்லை. கிளிநொச்சியில் ஒரு பழைய காரை வாங்கியே விட்டார். அதோடு கை வறண்டுபோயிற்று. புதுப் பற்றறி என்ற கதைக்கே இடமில்லை.

கமலாசனிக்கோ தரகர் கொண்டுவந்த படத்திலேயே அந்தக் கிளாக்கரைப் பிடித்துவிட்டது. அவள் வாய் திறந்து சொல்லவில்லை. விடிந்ததிலிருந்து சேலை மாற்றிக்கொண்டே இருந்தாள். இதுவும் முறிந்தால் அந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் தகப்பனின் கவலை.

விளக்கைப் போட்டுப் பார்த்தார். எண்ணெய் வற்றி நூர்ந்துபோகிற குப்பிவிளக்குப் போலச் சிவந்தது. ஹோர்னை அமத்தினார். அது நோயாளி மாதிரி ஒருக்கால் முனகியது.

"பற்றறிதான்," என்று தீர்ப்புச் சொன்னார். தீர்ப்புச் சரி. மனுசன் அதோடு நின்றிருக்கலாம்.

பற்றறியின் தலையில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பழப்புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கு மினுக்குவதுபோல மினுக்கினார். பிறகு மூடிகளைக் கழற்றி எட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் வற்றி அடியில் கொஞ்சம்தான் கிடந்தது.

"இதுக்குக் காய்ச்சி வடிச்ச தண்ணி விடோணுமாம். கிளிநொச்சிக்குப் போனால் எடுக்கலாம்."

"கிளிநொச்சிக்கு எதிலை போறது?"

"கார்லைதான்," என்றார் அவர்.

"கிணத்துத் தண்ணியை விடுங்கோவன்."

"எங்கடை கிணறு உவரெல்லோ."

அன்னபாக்கியம் அகப்பையோடு வாசலுக்கு வந்தாள். "வற்றாப்பளைக் கோயிலிலை அம்மாளுக்குக் கடல் உப்புத் தண்ணியிலை விளக்கே எரியுது. உங்கடை காருக்கு ஏலாதோ?"

இதற்கு எதிர்க்கதை கதைக்க வன்னியில் எந்த ஆம்பிளைக்குத் துணிவு உண்டு? ஒரு செம்பு உவர்த்தண்ணீர் உள்ளே போயிற்று. அம்மாளின் காரியம் வேறு, காரின் காரியம் வேறு என்பது உடனே விளங்கிவிட்டது. முனகிக்கொண்டிருந்த ஹோர்னும் வாயை மூடிக்கொண்டது. முன்னுக்குக் கம்பி போட்டுச் சுற்றிக் கிளப்பலாமென்றால், காரை விற்ற புண்ணியவான் அந்தக் கம்பியைத் தரவில்லை.

"அப்பா," என்று யன்னலுக்குள்ளிருந்து கமலாசனி மெல்லக் கூப்பிட்டாள். "பாறூக் காக்காவின்ரை றேடியோ கார்ப் பற்றறியிலைதானே பாடுது. கேட்டால் தருவார்."

சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கும் பாறூக் மறுக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தி, பற்றறியைச் சைக்கிள் கரியரில் கட்டி, தானே கொண்டுவந்தார். பூட்டித் திருகினார்கள். கார் உறுமத் தொடங்கி, பாதியில் அடங்கிவிட்டது.

"ராவு முழுக்கப் பாடினது. களைச்சுப்போச்சு," என்றார் பாறூக் பரிவோடு.

"இப்ப என்ன செய்யிறது?"

"கியரிலை போட்டு இழுத்தால் கிளம்பும். இழுக்க நாங்கள் ரெண்டு பேர் காணாது. உங்கடை மாட்டைப் பூட்டுவம் அண்ணை."

சிற்றம்பலத்தாருக்கு மனம் ஒப்பவில்லை. வருகிற கிழமை விதைப்பு. அந்தச் சோடி எருது இல்லாவிட்டால் அவருக்கு வயலும் இல்லை, சோறும் இல்லை. ஆனாலும் பிள்ளையின் காரியம். நுகத்தை வைத்துக் கயிற்றைக் காரின் முன்பக்கம் கட்டினார். பாறூக் மாட்டை நடத்த, அவர் காருக்குள் ஏறினார்.

வாய்க்கால் கரைப் பாதையில் கார் அசைந்தது. கிளச்சை விட்டார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிடித்ததுதான் பிழை. பிறந்ததிலிருந்து அப்படியொரு சத்தத்தை முதுகுக்குப் பின்னால் கேட்டிராத எருதுகள் வெருண்டு ஓடின. அவை ஓட ஓடக் கார் துரத்தியது. பாறூக் வேலிக்குள் பாய்ந்தார். சிற்றம்பலத்தாரின் கால் பிறேக்கைத் தேடி வேறெதையோ மிதித்தது. வளைவில் எருதுகள் திரும்பின. கார் திரும்பவில்லை. நேரே வாய்க்காலுக்குள் இறங்கிக் கதவுவரை சேற்றில் புதைந்தது.

அந்த நேரம் பார்த்து எதிர்க்கரையில், பஸ்ஸால் இறங்கிய ஓமந்தைக்காரரை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டில் வந்து நின்றது. வீரகத்தி, அவர் மனைவி, கிளாக்கர். சிற்றம்பலத்தார் சேற்றோடு வெளியே வந்து கைகூப்பினார். தூரத்தில் கமலாசனி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

கயிறு இழுபட்டுக் கரையில் நின்றுவிட்ட எருதுகளிடம் போய் நுகத்தைப் பிடித்தார். "இழுங்கோடா ராசா," என்றார். இரண்டும் முழந்தாள் மண்ணில் படக் குனிந்து ஒரே இழுவை இழுத்தன. கதவால் தண்ணீர் வழியக் கார் கரையேறியது.

வீட்டில் கமலாசனி பலகாரத் தட்டம் கொண்டுவந்து வைத்தாள். வீரகத்தி தொடவில்லை.

"ஒரு புதுப் பற்றறி போட்டால் ஓடும்," என்றார் சிற்றம்பலத்தார். "என்னை என்னவும் சொல்லுங்கோ. பிள்ளையை வேண்டாமெண்டு போட்டுப் போயிடாதேங்கோ."

வீரகத்தி மனைவியைப் பார்த்தார். வந்ததிலிருந்து வாய் திறவாத அந்த அம்மா பயற்றம் பணியாரத்தை ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்தார். தேத்தண்ணியையும் குடித்தார். பிறகு முற்றத்தையே பார்த்தபடி சொன்னார்:

"பிள்ளையை எங்களுக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. பொடியன் கந்தோருக்கு பஸ்ஸிலை போகட்டும். காரை நீங்களே வைச்சிருங்கோ அண்ணை, அந்தச் சோடி மாட்டைத் தாங்கோ."