அடிமூட்டை சாரின் மஞ்சள் சீட்டு

பயிற்சி வகுப்பு என்றால் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிற ஆசிரியர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் அடிமூட்டை சார்.

போடிநாயக்கனூரில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் அவர் கணக்கு வாத்தியார். அதற்கு முன்னால் ஏலக்காய்க் கடையில் இருந்தவர். மேலாகக் கிடக்கிற காயைப் பார்த்து விலை சொல்லக்கூடாது, மூட்டையின் அடியில் கைவிட்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்பார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் இதைச் சொன்னார் என்று கேள்வி. பெயர் அப்படித்தான் வந்தது.

வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று எங்கள் பள்ளியோடு ஒப்பந்தம் போட்டது. மாதம் இரண்டு சனிக்கிழமை பேராசிரியர்கள் வந்து எங்களுக்குப் பாடம் நடத்தும் முறைகளைச் சொல்லித் தருவார்கள். நாங்கள் எல்லாம் போண்டாவுக்காகப் போனோம். முதல் நாள் வட்டமாக நிற்கவைத்துப் பந்து எறிந்தார்கள். பிடித்தவர் தன் கனவைச் சொல்ல வேண்டுமாம். நான் ஏதோ உளறினேன். அடிமூட்டை சார் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"கனவு கெடக்கட்டும்மா, எனக்கு ஒரு சந்தேகம். ஏலக்காய் எடுக்குற காலத்துல எங்க பிள்ளைக ஆத்தா அப்பனோட மலைக்குப் போயிருதுக. மூணு மாசம் கழிச்சு எறங்கி வந்து உக்காருதுக. அதுகளுக்கு நான் எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்க?"

இளம் பேராசிரியை ஒருவர் சிரித்தார். "நல்ல கேள்வி சார். மஞ்சள் சீட்டுல எழுதி அந்தப் பலகையில ஒட்டுங்க. கடைசியில பார்ப்போம்."

அந்தக் கடைசி வரவே இல்லை. வருகிற சமயம் பார்த்து அவர்களுக்கு மதுரை ரயிலுக்கு நேரமாகிவிடும். அடுத்த சனிக்கிழமை சார் புதுச் சீட்டில் அதே கேள்வியை எழுதி ஒட்டுவார். வருஷம் முழுக்க ஒட்டினார்.

"மொத்தமா அச்சடிச்சு வச்சுக்கங்கண்ணே" என்று கேலி செய்தேன்.

"பதில் வந்துட்டா மிச்சச் சீட்டு வீணாப் போகும், மாப்ளே."

பிறகு அவர்கள் எங்கள் வகுப்புகளைப் பார்க்க வந்தார்கள். ஒப்பந்தம் தொடர்வதும் முடிவதும் அன்றைய அறிக்கையைப் பொறுத்து இருந்தது. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, மலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த பதினோரு பிள்ளைகளையும் மைதானத்துக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். விளையாட அந்தப் பயிற்சிப் பந்தையும் கொடுத்தேன்.

அடிமூட்டை சார் நேராக மைதானத்துக்குப் போய்ப் பதினோரு பேரையும் கூட்டிவந்து முதல் வரிசையில் உட்காரவைத்தார். அந்த இளம் பேராசிரியை ஒரு சிறுமியிடம் புத்தகத்தைக் கொடுத்து ஒரு கணக்கை வாசிக்கச் சொன்னார். அவள் எழுந்தாள். காய் எடுத்துக் கறுத்த விரலை முதல் வரியில் வைத்தாள். மணி அடிக்கும்வரை விரல் அங்கேயே இருந்தது. தலைமையாசிரியையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒப்பந்தம் வேறு ஊருக்குப் போய்விட்டது. ஆசிரியர் அறையில் யாரும் சாரோடு பேசவில்லை. நான் மட்டும் பேசினேன். பேசாமலே இருந்திருக்கலாம்.

"உங்களாலதான்ணே பள்ளிக்கூடத்துப் பேரே கெட்டுச்சு."

அவர் கோபப்படவில்லை. "மேல்காயக் காட்டுனா மேல்காய்க்குத்தான் மாப்ளே வழி சொல்லுவாங்க. அடியில கெடக்குறதுக்கு யாரு சொல்லுவா?"

அடுத்த வாரம், பள்ளிக்குக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. என் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவர் எனக்கு நேரமே கொடுக்கவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

மறு வருஷம் பிள்ளைகள் மலையிலிருந்து இறங்கிய சமயம், அந்தப் பேராசிரியை தனியாகப் பள்ளிக்கு வந்தார். கையில் ஒரு கட்டு மஞ்சள் சீட்டு. எல்லாம் சாரின் கையெழுத்து.

"பதில் எனக்கும் தெரியலை. அவர் வகுப்பிலேயே ஒரு மாசம் உட்கார்ந்து பார்க்கலாம்னு வந்தேன். சார் எங்கே?"

சொன்னேன். பேராசிரியை சீட்டுக்கட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அவர் வகுப்பைக் காட்டுங்க" என்றார். அழைத்துப் போனேன். மலையிலிருந்து வந்த பிள்ளைகள் முதல் வரிசையில் இருந்தார்கள். இந்த முறை உட்காரவைத்தது நான்.

"நாளையிலேர்ந்து ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை, அண்ணனுக்காக, நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.